முகிற்கணினியும் கட்டளைக் கருவியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணினித் துறையைச் சார்ந்தது. கலைப் பட்டதாரியாகிய ஒரு பாடசாலை அதிபர் இத்தகைய பொருளைப் பற்றிப் பேச முன்வந்தது எங்ஙனம் என்று நீங்கள் வினவலாம். வினவுவது முறையே. வரலாறும் தமிழும் கற்பித்து வந்த எனக்கு இத்துறையிற் புலமை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஆயினும், எங்கள் பாடசாலையின் பழம் பதிவேடுகளையும், ஊர் முதியோர் கூறக் கேட்டு மாணவர் ஒலிப்பதிவு செய்த பழங்கதைகளையும் பேணிக் காக்க வேண்டிய பொறுப்பு என்மேல் வந்தது. அந்தப் பொறுப்பை நிறைவேற்ற முயன்றபோது இக்கருவியைப் பற்றி நானும் சிறிது கற்க நேர்ந்தது. கற்றவற்றை, கற்குமுன் நேர்ந்த பிழையோடு சேர்த்து, உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒரேயொரு பிரதியை மட்டும் வைத்திருப்பவன் ஒன்றையும் வைத்திருக்கவில்லை என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது, வேறெங்கும் இல்லாத ஏடுகள் சிலவும் அங்கே அழிந்தன. ஆகவே, நம்மிடம் உள்ளவற்றின் பிரதி ஒன்றைத் தொலைவிலுள்ள ஓரிடத்திலும் வைக்க வேண்டும் என்று ஆசிரியர் கூட்டத்திலே தீர்மானித்தோம். அங்ஙனம் வைப்பதற்கு இக்காலத்தில் வாய்த்துள்ள இடங்களுள் ஒன்றே முகிற்கணினி.

முகில் என்னும் பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. அது வானத்தில் இருப்பதன்று. பெரிய கட்டடங்களிலே ஆயிரக்கணக்கான கணினிகளை அடுக்கி, குளிரூட்டி, இரவு பகலாக இயக்கி, அவற்றின் இடத்தையும் ஆற்றலையும் பிறர்க்கு வாடகைக்கு விடுகின்ற தொழிலுக்கே அப்பெயர் வழங்குகின்றது. அமேசன் நிறுவனம் 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'எஸ். திரீ' என்னும் களஞ்சியச் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டில் கணினிகளையே வாடகைக்கு விடும் சேவையையும் ஆரம்பித்தது. நமக்கு அண்மையில், சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டிலும், மும்பாயில் 2016ஆம் ஆண்டிலும், ஐதராபாத்தில் 2022ஆம் ஆண்டிலும் அந்நிறுவனத்தின் நிலையங்கள் திறக்கப்பட்டன. கூகிள், மைக்ரோசொவ்ற் ஆகிய நிறுவனங்களும் இத்தகைய சேவைகளை நடத்துகின்றன.

இனி, தொலைவில் உள்ள அந்தக் களஞ்சியத்துக்கு நாம் எவ்வாறு ஆணையிடுவது? இரண்டு வழிகள் உண்டு. உலாவியைத் திறந்து, படங்களையும் பொத்தான்களையும் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொடுக்குவது ஒரு வழி. பத்துக் கோப்புகளை அனுப்புவதற்கு இவ்வழி போதும். பத்தாயிரம் கோப்புகளை அனுப்புவதற்கும், வாரந்தோறும் அதே வேலையைத் தவறாமற் செய்வதற்கும் இது பொருந்தாது. மற்றைய வழி, கணினியின் கட்டளைத் திரையிலே ஒரு வரியைத் தட்டச்சுச் செய்து, அந்த வரியினாலேயே வேலையை முடித்துக்கொள்வது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாகத் தொடங்கிய யுனிக்ஸ் முறைமையின் வழியாக வளர்ந்து வந்த இந்தப் பழக்கம் இன்றும் வழக்கொழியவில்லை. எழுதப்பட்ட கட்டளையைத் திரும்பவும் இடலாம், பிறர்க்குக் கொடுக்கலாம், நேற்று என்ன செய்தோம் என்று பின்னர் வாசித்துப் பார்க்கலாம். பொத்தானை அழுத்திய விரலோ சுவடு எதனையும் விட்டுச் செல்வதில்லை.

இவ்வாறு கட்டளை வரியின் மூலம் முகிற் சேவைகளை நடத்துவதற்கென அமேசன் நிறுவனம் இலவசமாக வழங்கும் கருவியின் பெயர் 'ஏ.டபிள்யூ.எஸ். சீ.எல்.ஐ.' என்பதாகும். அதன் முதற் பதிப்பு 2013ஆம் ஆண்டிலும், இரண்டாம் பதிப்பு 2020ஆம் ஆண்டிலும் பொதுப் பாவனைக்கு வந்தன. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை நேயர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். எங்களுக்கு நேர்ந்த இடர்ப்பாட்டின் வேர் அங்கேதான் இருந்தது.

முதற் பதிப்பு, பைதன் என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டு, நம் கணினியில் ஏற்கெனவே உள்ள பைதனை நம்பி இயங்குவது. பைதன் பொதிகளை நிறுவுகின்ற 'பிப்' என்னும் துணைக்கருவியினாலே அதனை நிறுவுவது வழக்கம். கணினியிலுள்ள பைதன் மாறினால் கருவியும் இடர்ப்படும். இரண்டாம் பதிப்போ தனக்கு வேண்டிய பைதனைத் தன் பொதிக்குள்ளேயே கொண்டு வருகின்றது. விருந்துக்கு வருபவர் தம் சோற்றையும் தாமே கட்டிக்கொண்டு வருவது போன்றது அது. நம் வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

இரண்டாம் பதிப்பை நிறுவும் முறையைச் சொல்கின்றேன். விண்டோஸ் கணினியாயின், நிறுவனத்தின் தளத்திலிருந்து நிறுவற் கோப்பைப் பெற்று அதனை இயக்கினால் போதும். மக் கணினிக்கும் அவ்வாறே தனிக்கோப்பு உண்டு. லினக்ஸ் கணினியில் மூன்று படிகள். முதலாவது, 'கேள்' என்னும் கருவியினாலே சுருக்கப்பட்ட கோப்பை இறக்கிக்கொள்ளுதல். இந்தக் 'கேள்', சுவீடன் நாட்டவரான டானியல் ஸ்டென்பேர்க் என்பவரால் 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படுவது. இரண்டாவது, அந்தக் கோப்பை விரித்தல். மூன்றாவது, விரித்த உறையினுள்ளே இருக்கும் 'இன்ஸ்ரோல்' என்னும் நிரலை, கணினியின் மேலாளர்க்குரிய அதிகாரத்தோடு இயக்குதல்.

இறக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. லினக்ஸ் கணினிகளில் வழங்கும் செயலிகள் பெரும்பாலும் இருவகைப்படும். இன்டெல் வழிவந்த செயலிக்கு ஒரு கோப்பும், ஆம் வகைச் செயலிக்கு வேறொரு கோப்பும் உள்ளன. மாறிப் பெற்றால் கருவி இயங்காது. மேலும், கோப்போடு சேர்த்து இலக்க முத்திரை ஒன்றையும் நிறுவனம் வெளியிடுகின்றது. கடிதத்தின் அரக்கு முத்திரையைப் பார்த்து, இது அனுப்பியவர் கையிலிருந்து வந்ததே என்று நாம் தெளிவது போல, அந்த முத்திரையை ஒப்பிட்டு, இடையில் எவரும் கோப்பை மாற்றவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளலாம். பொதுமக்களின் ஆவணங்களைக் கையாள்பவர் இப்படியைத் தவிர்க்கலாகாது.

நிறுவியபின் 'ஏ.டபிள்யூ.எஸ்.' என்னும் மூன்று சிற்றெழுத்துகளும், ஓர் இடைவெளியும், இரண்டு சிறுகோடுகளும், 'வேர்ஷன்' என்னும் சொல்லும் தட்டச்சுச் செய்தால், கருவி தன் பதிப்பு எண்ணைக் கூறும். அந்த எண் இரண்டில் தொடங்க வேண்டும். இச்சிறு வினாவை நேயர்கள் நினைவில் வைத்திருக்குமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

அடுத்து, நாம் யார் என்பதைக் கருவிக்கு அறிவிக்க வேண்டும். 'கொன்பிகர்' என்னும் கட்டளையை இட்டால் கருவி நான்கு கேள்விகளைக் கேட்கும். அனுமதித் திறப்பின் அடையாள எண் யாது? அதன் இரகசியப் பகுதி யாது? எந்தப் பிராந்தியத்து நிலையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும்? விடைகளை எந்த வடிவிலே தர வேண்டும்? இவற்றுள் இரண்டாவது கேள்விக்கான விடையே வீட்டுத் திறப்பை ஒத்தது. அது உருவாக்கப்படும் அந்த வேளையில் மட்டுமே காட்டப்படும். பின்னர் எவராலும் திரும்பப் பார்க்க இயலாது. ஆனால், நம் கணினியிலே அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமிக்கப்படுகின்றது. ஆதலால், அந்தக் கணினியில் அமர்பவர் எவரும் அதனை வாசிக்கலாம். குறிப்புப் புத்தகத்தில் எழுதுவதும், தொலைபேசிச் செய்தியில் அனுப்புவதும், மாணவர்க்கு மாதிரி காட்டுவதற்காகத் திரையில் விரிப்பதும், வாசற்கதவில் திறப்பைத் தொங்கவிடுவதற்கு நிகராகும்.

இக்காரணம் பற்றியே, நீண்ட காலம் செல்லுபடியாகும் திறப்புகளைக் கைவிட்டு, சில மணி நேரமே செல்லுபடியாகும் அனுமதிகளைப் பெறும் முறையைப் பல நிறுவனங்கள் இன்று விரும்புகின்றன. உலாவியின் வழியாக ஒருமுறை உள்நுழைந்தால், கருவிக்குத் தற்காலிக அனுமதி கிடைக்கும். காலம் முடிந்ததும் அது தானாகவே காலாவதியாகும். 'எஸ்.எஸ்.ஓ. லொகின்' எனப்படும் இந்தக் கட்டளை இரண்டாம் பதிப்பில் மட்டுமே உண்டு. முதற் பதிப்பில் இல்லை.

இப்போது எங்கள் கதைக்கு வருகின்றேன்.

எங்கள் பாடசாலைக்குக் களஞ்சிய இடத்தை உதவிய அமைப்பு ஒன்று, குறித்த ஒரு திகதிக்குப் பின்னர்ப் பழைய திறப்புகள் செல்லமாட்டா என்றும், புதிய முறைப்படி உள்நுழைய வேண்டும் என்றும், அதற்காகக் கருவியை இற்றைப்படுத்திக்கொள்ளுமாறும் எழுதியிருந்தது. தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் கடமையுணர்வு மிக்கவர். முன்பு எவ்வாறு நிறுவினாரோ அவ்வாறே, 'பிப்' கருவியைக் கொண்டு இற்றைப்படுத்தினார். வேலை தடையின்றி முடிந்தது. "சேர், எல்லாம் புதிதாக்கியாயிற்று" என்று என்னிடம் வந்து சொன்னார். நானும் குறிப்பேட்டில் ஒப்பமிட்டேன். எந்தப் பதிப்பு என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் எனக்குத் தெரியாது.

குறித்த திகதி கடந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தானாகவே பிரதி அனுப்புமாறு அமைத்திருந்த நிரல், வாரந்தோறும் கதவு மூடியிருக்கக் கண்டு திரும்பியது. திரும்பிய செய்தியை ஒரு குறிப்புக் கோப்பில் ஒழுங்காக எழுதியும் வைத்தது. அந்தக் கோப்பை வாசிப்பார் எவருமில்லை. ஆறு வாரங்களின் பின்னர்க் காரியாலயக் கணினியின் வன்தட்டுப் பழுதாயிற்று. அதிலிருந்து எதனையும் மீட்க முடியவில்லை. களஞ்சியத்திலே தேடினால், பழையன யாவும் இருந்தன. அந்த ஆறு வாரத்து ஒலிப்பதிவுகள் மட்டும் இல்லை. மாணவர் மூன்று முதியோரின் குரல்களை அக்காலத்திற் பதிவு செய்திருந்தனர். இருவர் முகங்கோணாமல் மறுபடியும் வந்து பேசினர். மூன்றாமவர் அதற்கு முந்திய வாரமே காலமாகிவிட்டார்.

கொழும்பிலே கணினித் துறையில் பணியாற்றும் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவர் திரையைப் பார்த்ததும் பதிப்பு எண்ணைக் கேட்டார். விடை ஒன்றில் தொடங்கியது. "சேர், இவர் இற்றைப்படுத்தியது உண்மைதான். ஆனால், பழைய வீட்டுக்கே வெள்ளையடித்திருக்கிறார்" என்றார். 'பிப்' வழியாக எத்தனை முறை இற்றைப்படுத்தினாலும், முதற் பதிப்பின் ஆகப்பிந்திய வெளியீடுதான் வந்து சேரும். இரண்டாம் பதிப்பை அந்நிறுவனம் அவ்வழியாக வழங்குவதில்லை. ஆகவே, "புதிது" என்று கருவி கூறியது பொய்யன்று. எதனுடைய புதிது என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

உடனே இரண்டாம் பதிப்பை நிறுவினோம். மறுபடியும் பதிப்பு எண்ணைக் கேட்டோம். வியப்பு! மீண்டும் ஒன்று என்றே விடை வந்தது. இதன் காரணத்தை அவர் விளக்கிய முறை எனக்கு நன்கு விளங்கிற்று. ஒரு கட்டளைப் பெயரை நாம் தட்டச்சுச் செய்யும்போது, கணினி அந்தப் பெயருடைய நிரலைச் சில உறைகளிலே வரிசையாகத் தேடுகின்றது. அந்த வரிசைக்குப் 'பாத்' என்று பெயர். காரியாலய உதவியாளரிடம் "கந்தையா மாஸ்ரரை அழைத்து வா" என்றால், அவர் முதலாம் வகுப்பறையிலிருந்து தேடிச் சென்று, அப்பெயருடையவர் எவர் முதலிற் கிடைக்கிறாரோ அவரையே அழைத்து வருவார் அல்லவா? அடுத்த அறையில் வேறொரு கந்தையா மாஸ்ரர் இருப்பது அவருக்குத் தெரியாது. முதற் பதிப்புக்கும் இரண்டாம் பதிப்புக்கும் கட்டளைப் பெயர் ஒன்றே. பழையது வரிசையில் முந்தி இருந்தமையால் அதுவே வந்து நின்றது. 'விச்' என்னும் கட்டளையாலும், விண்டோசில் 'வெயார்' என்னும் கட்டளையாலும், எந்த உறையிலிருந்து நிரல் வருகின்றது என்பதை அறியலாம். பழையதை அதனை நிறுவிய 'பிப்' கொண்டே அகற்றினோம். கட்டளைத் திரையை மூடி மீண்டும் திறந்தோம். ஏனெனில், பழைய இடத்தைத் திரை நினைவில் வைத்திருப்பதும் உண்டு. அதன் பின்னரே இரண்டு என்னும் எண் வந்தது.

இதிலிருந்து நான் கற்ற முதல் விதி இது: எவ்வழியால் நிறுவினோமோ, அவ்வழியாலேயே இற்றைப்படுத்தவும் அகற்றவும் வேண்டும். இரண்டாம் பதிப்பை லினக்சில் இற்றைப்படுத்துவதற்கு, புதிய கோப்பை முன்போலவே இறக்கி விரித்து, நிறுவல் நிரலோடு 'அப்டேற்' என்னும் சொல்லையும் சேர்த்து இயக்க வேண்டும். அச்சொல்லை மறந்தால், முன்னரே ஒரு நிறுவல் இருக்கின்றது என்று கூறி அது நின்றுவிடும். புதிய வெளியீடு தனக்கென ஓர் உறையில் அமர, 'நடப்பு' என்னும் பொருள்படும் ஒரு தொடுப்பு அதனைச் சுட்டுமாறு மாற்றப்படும். விண்டோசிலும் மக்கிலும் புதிய நிறுவற் கோப்பை இயக்கினால், அது பழையதன் இடத்தைக் கொள்ளும். நம் திறப்புகளும் விருப்பத் தெரிவுகளும் வேறோர் உறையில் இருப்பதனால் அவை கெடமாட்டா.

மற்றைய நிறுவனங்களின் கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். கூகிளின் கருவி, தன் உறுப்புகளைத் தானே இற்றைப்படுத்தும் கட்டளை உடையது. ஆனால், லினக்சின் பொதி மேலாளர் வழியாக அதனை நிறுவியிருந்தால், அக்கட்டளை முடக்கப்பட்டிருக்கும். பொதி மேலாளரையே நாட வேண்டும். மைக்ரோசொவ்ற்றின் அஷூர் கருவிக்கு 'அப்கிரேட்' என்னும் கட்டளை உண்டு.

இரண்டாவது விதி: புதியது வந்தால் பழைய பழக்கங்கள் சில மாறும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டாம் பதிப்பு நீண்ட விடைகளைப் பக்கம் பக்கமாகக் காட்டி, நம் சைகைக்காகக் காத்து நிற்கும். அதனை அறியாத எங்கள் ஆசிரியர், கணினி உறைந்துவிட்டதென்று அஞ்சினார். 'கியூ' எழுத்தை அழுத்தினால் அது விடைபெறும். இத்தகைய மாற்றங்களின் பட்டியலை நிறுவனமே வெளியிட்டுள்ளது. இற்றைப்படுத்து முன்னர் அதனை வாசித்தல் நன்று.

மூன்றாவது விதி எல்லாவற்றிலும் முக்கியமானது. கட்டளைக் கருவி நம்மை மறுமுறை கேட்பதில்லை. களஞ்சியத்தில் உள்ள உறை முழுவதையும் அழிக்குமாறு ஒரு வரியிற் சொன்னால், "உண்மையாகவா?" என்று வினவாமல் அழித்துவிடும். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி, அமேசன் நிறுவனத்தின் பணியாளர் ஒருவரே இத்தகைய பிழைக்கு ஆளானார். வட வேர்ஜினியா நிலையத்தில், சில வழங்கிகளை மட்டும் அகற்றுவதற்காக உள்பணிக் கருவியொன்றில் இட்ட கட்டளையில் ஓர் உள்ளீடு பிழைபட்டது. எண்ணியதைவிட மிகுதியான வழங்கிகள் அகன்றன. களஞ்சியச் சேவை ஏறத்தாழ நான்கு மணி நேரம் தடைப்பட, அதனை நம்பியிருந்த பல தளங்களும் நின்றன. நிறுவனம் காரணத்தை ஒளிக்காமல் வெளியிட்டு, ஒரே கட்டளையால் அவ்வளவும் அகலாதவாறு கருவியைத் திருத்தியது. ஆகையால், நாமும் அழிக்கும் கட்டளையையோ, இரண்டு இடங்களை ஒத்திசைக்கும் கட்டளையையோ இடுமுன், 'டிரை ரன்' என்னும் சொல்லைச் சேர்த்து ஒத்திகை பார்த்தல் வேண்டும். அப்போது கருவி எதனையும் செய்யாமல், என்ன செய்யப்போகின்றது என்பதை மட்டும் சொல்லும். களஞ்சியத்திலே பழைய பிரதிகளையும் பேணும் ஏற்பாட்டை இயக்கி வைத்தலும் நல்லது.

இன்று எங்கள் பாடசாலையிலே தானியங்கி நிரல் இல்லை. வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையின் பின்னர், ஆசிரியர் தாமே உள்நுழைகின்றார். பதிப்பு எண்ணைக் கேட்கின்றார். எவருடைய பெயரில் உள்நுழைந்துள்ளோம் என்பதைக் கூறும் கட்டளையை இடுகின்றார். பிரதியை அனுப்பியபின், அந்த வாரத்துக் கோப்பு ஒன்றைக் களஞ்சியத்திலிருந்து திரும்ப இறக்கி, இரண்டு மாணவர் முன்னிலையிலே திறந்து பார்க்கின்றார். அதன் பின்னரே நான் குறிப்பேட்டில் ஒப்பமிடுகின்றேன். இதற்குக் கால்மணி நேரம் செல்கின்றது.

நேயர்களே, கிராமச் சங்கத்தின் கணக்கையோ, கோயிற் பதிவேட்டையோ, ஒரு குடும்பத்தின் புகைப்படங்களையோ இவ்வாறு தொலைவில் வைப்போர் உங்களிடையேயும் இருப்பர். இளைஞர் ஒருவர் வந்து, "புதிதாக்கியாயிற்று" என்று உங்களிடம் சொன்னால், அவரைப் பாராட்டுங்கள். பாராட்டியபின், "எந்தப் பதிப்பு, தம்பி? அனுப்பியதில் ஒன்றைத் திரும்ப எடுத்துக் காட்டு, பார்ப்போம்" என்று கேளுங்கள். கணினி கற்றிருந்தால்தான் இதனைக் கேட்கலாம் என்பதில்லை. நான் அன்று கேட்டிருந்தால், அந்த மூன்றாவது முதியவரின் குரல் இன்று எங்கள் மாணவர்க்குக் கேட்டிருக்கும்.